கத்தியில்லாமல் வயிற்றுக் கொழுப்பைக் குறைக்கும் மெஷின்: 1 லட்சத்து 20 ஆயிரம் கட்டலாமா?

பள்ளத்தூர் மகள்

எல்லாருக்கும் வணக்கம். இருக்குறது காரைக்குடி, பொறந்த வீடு பள்ளத்தூர். வயசு 43. ரெண்டு பிள்ளை, ரெண்டும் சிசேரியன்தான், 2009லயும் 2013லயும். உயரம் 157 செ.மீ, எடை 66 கிலோ. நேத்து டேப் வச்சு இடுப்பை அளந்தேன், 93 செ.மீ வருது. மூணு மாச சராசரி சுகர் 6.1. மாத்திரை இன்னும் ஆரம்பிக்கலை.

காரணத்தை முதல்ல சொல்லிடுறேன். கொஞ்ச மாசத்துக்கு முன்னாடி எங்க பங்காளி வீட்டுல படைப்பு. இலை போட்டுக்கிட்டு இருந்தேன். தூரத்து உறவுல ஒரு அயித்தை, ரொம்ப வருஷமாப் பார்க்காதவுக, என் கையைப் பிடிச்சுக்கிட்டு "எத்தனாவது மாசம் ஆத்தா? இந்த வயசுல பார்த்து இருந்துக்க"ன்னாக. அவுக நல்ல மனசோடதான் கேட்டாக. "அதெல்லாம் இல்லை அயித்தை"ன்னு சொல்லிட்டு, கையில இருந்த சொம்பை வச்சுட்டு ரெண்டாங்கட்டுப் பக்கம் போயிட்டேன். சேலைத் தலைப்பை இழுத்து முன்னாடி போர்த்திக்கிட்டேதான் அன்னைக்கு முழுக்க இருந்தேன். இப்ப வரைக்கும் எந்த விசேஷத்துக்குக் கிளம்பினாலும் கண்ணாடி முன்னாடி அந்தக் கேள்விதான் ஞாபகம் வருது.

தை மாசக் கடைசியில அப்பச்சிக்கு, அதாவது எங்க அப்பாவுக்கு, எழுபது வயசுப் பீமரத சாந்தி. பள்ளத்தூர் வீட்டுலயே வைக்கிறோம். வெளியூர், வெளிநாட்டுல இருக்குற அத்தனை பேரும் வர்றாக. முகப்புல எல்லாரையும் நிக்க வச்சு எடுக்குற படம் இனிமே வீட்டுச் சுவத்துல காலத்துக்கும் தொங்கும். அதுல நான் நல்லா நிக்கணும்னு ஆசைப்படுறேன். அதுல தப்பு இருக்குன்னு எனக்குத் தோணலை.

ரெண்டு வாரம் முன்னாடி மதுரையில ஒரு கிளினிக்குக்குப் போனேன். கொழுப்பை உறைய வைக்கிற மெஷின், கிரையோலிபோலிசிஸ்னு சொன்னாக. கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை, அன்னைக்கே வீட்டுக்கு வந்துடலாம். மேல் வயிறு, அடி வயிறு, ரெண்டு விலாப் பக்கம்னு நாலு இடம். ஒரு இடத்துக்கு 18 ஆயிரம், ரெண்டு சிட்டிங், மொத்தம் 1 லட்சத்து 44 ஆயிரம். இந்த வாரத்துக்குள்ள கட்டினா 1 லட்சத்து 20 ஆயிரம், தாடைக்குக் கீழ போடுற ஊசி ஒண்ணு இலவசம்னாக. நாலு இஞ்ச் குறையும், சுகரும் இறங்கும்னு அங்க இருந்த கவுன்சிலர் பொண்ணு சொல்லுச்சு. டாக்டரைப் பார்க்கலாமான்னு கேட்டேன், ட்ரீட்மென்ட் அன்னைக்கு வருவார்னு பதில். 10 ஆயிரம் அட்வான்ஸ் கொடுத்துட்டு வந்தேன்.

இன்னொண்ணு, இதுக்குச் சம்பந்தம் உண்டான்னு தெரியலை. படுக்கையில இருந்து எந்திரிக்கும்போது நடு வயிறு ஓட்டுக்கூரை மாதிரி கூம்பி நிக்கும். ரெண்டாவது பிரசவத்துல இருந்தே அப்படித்தான். இருமினா தொப்புள்கிட்ட ஒரு மொட்டு மாதிரி தள்ளும், வலி இல்லை. அதுவும் கொழுப்புதான்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு.

வீட்டுக்காரக, "பணம் போனாப் போகுது, உடம்புக்கு ஒண்ணும் வராம இருந்தாச் சரி"ங்கிறாக. செஞ்சவுக, தெரிஞ்சவுக யாராவது உள்ளது உள்ளபடி சொல்லுங்க.


அரிசிமண்டிக்காரன்

தங்கச்சி, என் வயசு 51. மூணு வருஷம் முன்னாடி நானும் இதே மெஷினுக்குன்னு சென்னைக்குப் போனவன். வயிறு முன்னாடி பானை மாதிரி, தட்டினா கெட்டியா இருக்கும். அங்க ஒரு வயசான தோல் டாக்டர். என்னை நிக்க வச்சு வயித்துத் தோலை ரெண்டு விரலால கிள்ளினார். ஒரு விரல்கடைதான் வந்துச்சு. "ஐயா, மெஷின் பிடிக்கிறதுக்கு வெளியில கொழுப்பே இல்லை. உங்களுக்கு இருக்குறதெல்லாம் உள்ள, குடலைச் சுத்தியும் ஈரல்லயும் இருக்கு. அங்க எந்த மெஷினும் போகாது"ன்னு சொல்லி, கன்சல்டேஷன் பீஸ் மட்டும் வாங்கிக்கிட்டு அனுப்பிட்டார். அவருக்கு நான் இன்னைக்கும் கடன்பட்டவன்.

ஸ்கேன் எடுத்தா கொழுப்பு ஈரல், கிரேடு 2. நம்ம நாட்டு ஆம்பளைகளுக்கு இடுப்பு 90 செ.மீ தாண்டக் கூடாதாம், பொம்பளைகளுக்கு 80. எனக்கு 106 இருந்துச்சு. ராத்திரி கடை அடைச்சுட்டு வந்து பத்து மணிக்குப் பரோட்டா சாப்பிடுறதை நிறுத்தினேன். காலையில அஞ்சே காலுக்கு நடை. ஒரு வருஷத்துல 97க்கு வந்துச்சு. இன்னும் 90 ஆகலை, நடந்துக்கிட்டுதான் இருக்கேன்.

உனக்கு வெளிக் கொழுப்பா உள் கொழுப்பான்னு முதல்ல ஒரு டாக்டர் கையால தொட்டுப் பார்த்துச் சொல்லணும். டாக்டரே பார்க்காம நாலு இடம், ரெண்டு சிட்டிங்னு எப்படிக் கணக்குப் போட்டாக? எனக்கு அதுதான் உறுத்துது.


கோட்டையூர் டு கோலாலம்பூர்

நான் செய்துகொண்டவள், திருப்தியாக இருப்பவள். அதனால் மறுபக்கத்தையும் எழுதுகிறேன்.

வயது 39, எடை 54 கிலோ. எடை எப்போதும் ஏறியதில்லை. ஆனால் ரவிக்கைக்குக் கீழே, சேலைக்கு மேலே, முதுகோரம் இரண்டு பக்கமும் ஒரு மடிப்பு. எங்கள் ஆத்தாவுக்கும் அப்படித்தான், ஆயாவுக்கும் அப்படித்தான். யோகா, நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு எல்லாம் செய்தேன். முகம் வற்றியதே தவிர மடிப்பு போகவில்லை.

இங்கே கோலாலம்பூரில் ஒரு தோல் மருத்துவரிடம் இரண்டு விலாவுக்கும் ஒரே ஒரு தடவை செய்தேன். மெஷினை வைத்த முதல் பத்து நிமிடம் கடுகடுவென்று இழுத்து வலித்தது. பிறகு மரத்துவிட்டது. முக்கால் மணி நேரம் புத்தகம் படித்துக்கொண்டு படுத்திருந்தேன். அன்று மாலையே பிள்ளையை டியூஷனில் இருந்து நான்தான் கூட்டி வந்தேன். நாலு நாள் கன்றிப்போயிருந்தது. மூன்று வாரம் அந்த இடத்தைத் தொட்டால் யாருடைய உடம்பையோ தொடுவது போல இருந்தது. முதல் மாதம் ஒரு மாற்றமும் தெரியாமல் ஏமாந்துபோனோம் என்றே நினைத்தேன். மூன்றாவது மாதம் தையல்காரம்மா ரவிக்கையைப் பிடிக்கும்போது அவரே கேட்டார், இளைத்திருக்கிறீர்களா என்று. எடை அதே 54தான்.

இரண்டு வருடம் ஆகிறது, அப்படியே இருக்கிறது. எனக்குச் சின்ன இடம், சின்ன எதிர்பார்ப்பு. நாலு இஞ்ச் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கால் பங்கு குறைந்தால் நல்லது என்றுதான் மருத்துவர் சொன்னார்.


தேவகோட்டை சிஸ்டர்

தங்கச்சி, உன் பதிவை ரெண்டு தரம் படிச்சேன். நான் 24 வருஷம் சென்னையில நர்ஸா வேலை பார்த்தவ. அதுல கடைசி ஆறு வருஷம் ஒரு தோல் மருத்துவமனையில, இந்த மெஷின் இருக்குற ரூம்லதான் டூட்டி. போன வருஷம் ஊரோட வந்துட்டேன்.

மெஷினைப் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி, சம்பந்தம் உண்டான்னு தெரியலைன்னு நீ எழுதியிருக்கியே, அதுதான் எனக்கு முக்கியமாப் படுது. எந்திரிக்கும்போது நடு வயிறு கூம்புது, இருமினா தொப்புள்ல மொட்டு தள்ளுது. இது கொழுப்பு இல்லாம இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. நெஞ்சுக்குக் கீழ இருந்து அடி வயிறு வரைக்கும் ரெண்டு தசைப் பட்டை பக்கத்துப் பக்கத்துல ஓடும். கர்ப்பத்துல வயிறு பெருசாகும்போது நடுவுல அதுக விலகும். பல பேருக்குப் பிரசவத்துக்கப்புறம் சேர்ந்துடும், சில பேருக்குச் சேராது. அப்ப குடலைத் தாங்குற முன் சுவர் தளர்ந்து, ஒல்லியா இருக்குறவளுக்கும் நாலு மாச வயிறு மாதிரி தெரியும். அந்த அயித்தை கண்ணுக்குப் பட்டது அதுவாத்தான் இருக்கும்.

இன்னைக்கு ராத்திரி ஒண்ணு செய்து பாரு. மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்கிக்க. தொப்புளுக்கு ரெண்டு விரல்கடை மேல, விரல்களைக் குறுக்கா வச்சு மெதுவா அமுத்து. தலையையும் தோளையும் மட்டும் கொஞ்சம் தூக்கு. ரெண்டு பக்கமும் தசை விறைச்சு, கதவு நிலை மாதிரி விரல்ல தட்டும். நடுவுல எத்தனை விரல் இறங்குதுன்னு பாரு. ரெண்டு விரலுக்கு மேலன்னா விலகல் இருக்குன்னு அர்த்தம். கொழுப்பை உறைய வைக்கிற மெஷின் தசையைச் சேர்க்காது.

தொப்புள் மொட்டு அதை விட முக்கியம். அது ஹெர்னியாவா இருக்கலாம். இந்த மெஷின் வயித்துச் சதையை வாக்குவம் மாதிரி ஒரு கிண்ணத்துக்குள்ள உறிஞ்சி இழுத்துத்தான் உறைய வைக்கும். ஹெர்னியா இருக்குற இடத்துல அதை வைக்கக் கூடாதுன்னு மெஷினோட வர்ற எச்சரிக்கையிலயே இருக்கு. சிசேரியன் தழும்புலயும் ஹெர்னியா வரலாம், அதையும் பார்க்கணும். இருமச் சொல்லிக் கை வச்சுப் பார்க்க ஒரு டாக்டருக்கு அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷத்தைக் கூடச் செலவழிக்காம உங்கிட்ட பத்தாயிரம் வாங்கியிருக்காக. எனக்கு மனசு கொதிக்குது.

இனி மெஷின். கோலாலம்பூர்த் தங்கச்சி எழுதினது ஒரு எழுத்து மிகை இல்லை. சரியான ஆளுக்குச் சரியான இடத்துல செஞ்சா நல்லா வேலை செய்யும், நானே பார்த்திருக்கேன். இதோட ஆரம்பம் ஒரு குழந்தையோட கன்னம். ஐஸ் குச்சியைச் சப்பின குழந்தைக்குக் கன்னத்துல மட்டும் உள்கொழுப்பு புண்ணாகி வத்தினதை 1970ல டாக்டருங்க எழுதி வச்சாக. தோலை விடக் கொழுப்புச் செல்தான் குளிரை முதல்ல தாங்க முடியாம போகுதுன்னு தெரிஞ்சுது. அதை வச்சு அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரி டாக்டர்கள் மான்ஸ்டைனும் ஆண்டர்சனும் இந்த முறையைக் கொண்டு வந்தாக. 2010ல விலாவுக்கும் 2012ல வயித்துக்கும் அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்டிஏ அனுமதி கொடுத்துச்சு.

ரூமுக்குள்ள நடக்குறது இதுதான். பேனாவால குறி போடுவோம். ஈரமான ஜெல் ஷீட் ஒண்ணைத் தோல்மேல விரிப்போம், வெள்ளைப் பணியாரம் மாதிரி வழவழன்னு இருக்கும். தோலைக் காப்பாத்துறதே அந்த ஷீட்தான். ஒரு சுருக்கம் விழுந்தாலும், ஓரம் விலகினாலும் அந்த இடத்துல தோல் உறைஞ்சு பொத்துப் போகும். அப்புறம் கிண்ணத்தை வைப்போம். முடிஞ்சு கிண்ணத்தை எடுத்தா, ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த வெண்ணெய்க் கட்டி மாதிரி சதை கிண்ணத்தோட வடிவத்துலயே நிக்கும், கையில சில்லுன்னு கல்லு மாதிரி இருக்கும். அதை ரெண்டு நிமிஷம் நல்லா அமுக்கிப் பிசைஞ்சு விடணும். முக்கால் மணி நேரம் பேசாம படுத்திருந்தவுக கூட அந்த ரெண்டு நிமிஷத்துல என் மணிக்கட்டைப் பிடிச்சுடுவாக. செத்த கொழுப்புச் செல்லை உடம்பு மெதுவா அப்புறப்படுத்த ரெண்டு மூணு மாசம் ஆகும். வச்ச இடத்துல கொழுப்புப் படலம் சராசரியா 20ல இருந்து 25 சதவீதம் குறையும். எடைத் தட்டுல ஒண்ணும் தெரியாது.

கணக்குப் பாரு. இப்ப கார்த்திகை. நாளைக்கே செஞ்சாலும் தைக் கடைசிக்குள்ள முழுப் பலன் வந்து சேர்றதே சந்தேகம். ரெண்டாவது சிட்டிங் வைக்கணும்னா ஒண்ணரை, ரெண்டு மாசம் இடைவெளி விடணும். சாந்திப் படத்துக்கு இது உதவாது. அந்தக் கவுன்சிலர் பொண்ணுக்கும் இது தெரிஞ்சிருக்கும்.

சுகர் இறங்கும்னு சொன்னது தப்பு. 2004ல ஒரு ஆய்வு வந்துச்சு. பருமனான 15 பெண்களுக்கு ஆபரேஷன் மூலமா, லைப்போசக்ஷன்ல, வயித்துல இருந்து கிட்டத்தட்ட 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்தாக. பத்து, பன்னிரண்டு வாரம் கழிச்சுப் பார்த்தா இன்சுலின் வேலை செய்யுற விதத்துல முன்னேற்றமே இல்லை. அண்ணன் சொன்ன உள் கொழுப்புதான் சுகருக்குப் பெரிய காரணம். பத்துக் கிலோ எடுத்தே இறங்காத சுகர், மெஷின் எடுக்குற கொஞ்சத்துல இறங்குமா? 6.1க்கு நீ சாப்பாட்டையும் நடையையும்தான் பிடிக்கணும், ஒரு பொது மருத்துவரைப் பார்க்கணும்.

ஆபத்துன்னா மரத்துப்போறது, கன்றிப்போறது, சில பேருக்குச் சுருக்சுருக்குன்னு ஊசி குத்துற வலி. இதெல்லாம் சில வாரத்துல போகும். நம்ம நிறத்துக்குத் தோல் உறைஞ்சு புண்ணானா கருப்புத் தழும்பு ரொம்ப நாள் நிக்கும். வேற எங்கயோ விலை குறைஞ்ச மெஷின்ல செஞ்சுட்டு எங்ககிட்ட ஒரு பொண்ணு வந்துச்சு, 26 வயசு. தொப்புளுக்குப் பக்கத்துல உள்ளங்கை அளவு கருகல். கல்யாணம் நிச்சயமாயிருந்துச்சு. அது மேலாடையைத் தூக்கிக் காட்டும்போது முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டதை இன்னும் மறக்க முடியலை.

அபூர்வமா நடக்குறது இன்னொண்ணு. கொழுப்பு குறையறதுக்குப் பதிலா அந்த இடத்துலயே கெட்டியா வளரும். பாரடாக்ஸிகல் அடிபோஸ் ஹைப்பர்பிளேசியான்னு பேரு. 2014ல முதல் கட்டுரை வந்தப்ப 20 ஆயிரத்துல ஒருத்தருக்குன்னு கணக்குச் சொன்னாக. அதுக்கப்புறம் வந்த கணக்குகள்ல எண்ணிக்கை கூடத்தான் செஞ்சுது. பெரிய மாடலா இருந்த லிண்டா எவாஞ்சலிஸ்டா தனக்கு இது வந்ததை 2021ல வெளியில சொன்னப்பதான் உலகத்துக்கே தெரிஞ்சுது. எங்க ரூம்ல ஆறு வருஷத்துல ஒருத்தருக்கு வந்துச்சு, ஒரு ஆம்பளை. நாலாவது மாசம் கிண்ணம் வச்ச நீளத்துக்கு அச்சுல வார்த்த மாதிரி ஒரு திண்டு எழும்பி நின்னுச்சு. அது தானா கரையாது. இளகுற வரைக்கும் பல மாசம் காத்திருந்து ஆபரேஷன்லதான் எடுக்கணும். கத்தி வேண்டாம்னு வந்தவர் கடைசியில கத்திக்கே போனார். எங்க டாக்டர் அந்தச் செலவை ஆஸ்பத்திரியே ஏத்துக்கும்னு எழுதிக் கொடுத்தார். நீ போற இடத்துல அப்படி எழுதித் தருவாகளான்னு கேளு, பதில்லயே ஆள் யாருன்னு தெரிஞ்சுடும்.

குளிர் பட்டா உடம்பு தடிக்கிறவுக, குளிர்ல ரத்தத்துல இருக்குற ஒரு வகைப் புரதம் திரண்டு கட்டியாகுற கிரையோகுளோபுலினீமியா மாதிரி நோய் உள்ளவுக, கர்ப்பமா இருக்குறவுக இதுகிட்டயே போகக் கூடாது. சூடு வச்சுக் கொழுப்பைக் கரைக்கிற லேசர், ரேடியோ ஃப்ரீக்வென்சி, அல்ட்ராசவுண்ட் எல்லாம் இருக்கு. பலன் அதுலயும் அளவாத்தான். சூட்டுப் புண் பயம் உண்டு. பேஸ்மேக்கர் வச்சவுகளுக்கு ரேடியோ ஃப்ரீக்வென்சி ஆகாது.

இலவச ஊசிக்கு மட்டும் தயவு செஞ்சு கழுத்தைக் காட்டாதே. என் சித்தி மகளுக்கு நடந்ததைச் சொல்றேன். மகன் கல்யாணத்துக்குப் பதினஞ்சு நாள் இருக்கும்போது வேற ஊர்ல தாடைக்குக் கீழ போட்டுக்கிட்டா, எங்கிட்ட சொல்லலை. டியாக்ஸிகோலிக் ஆசிட். அது கொழுப்புச் செல்லை உடைக்கிற மருந்து. மறுநாள் காதோரம் வரைக்கும் வீக்கம். வீக்கம் பத்து நாள்ல வடிஞ்சுது, ஆனா சிரிச்சா கீழ் உதட்டோட இடது ஓரம் இறங்கலை. தாடை எலும்போரம் ஓடுற மெல்லிய நரம்புல மருந்து பட்டுருச்சு. கல்யாண ஆல்பத்துல ஒரு படத்துல கூட அவ சிரிக்கலை. வாயைக் கைக்குட்டையால மூடிக்கிட்டு மருமகளை வரவேற்குற படம் இருக்கு. ஏழு வாரத்துல சரியாயிடுச்சு, ஆனா அந்த நாள் திரும்பி வரலையே. அளவும் இடமும் தெரிஞ்ச டாக்டர் போட வேண்டிய மருந்து அது. ஒரு தடவையில முடியுறதும் இல்லை, மாசம் ஒண்ணுன்னு ஆறு தடவை வரைக்கும் போகும்.

முதல்ல ஒரு சர்ஜனைப் பாரு. பொது அறுவை மருத்துவர், ஹெர்னியா பார்க்குறவர். அவர் சரின்னு சொன்னா மத்தது பேசலாம்.


புதுவயல் 27

சிஸ்டர், நடுவுல கேக்குறதுக்கு மன்னிக்கணும். எனக்குத் தெரிஞ்ச ஒரு பார்லர்ல கொழுப்பு கரைக்கிற ஊசி 3500 ரூபாய்க்குப் போடுறாங்க, கொரியா மருந்துன்னு சொல்றாங்க. வயிறு, கை, தொடை எங்க வேணா போடலாமாம். என் கூட வேலை பார்க்குறவங்க ரெண்டு பேர் போட்டாங்க, ஒண்ணும் ஆகலை. நானும் கைக்குப் போடலாம்னு இருக்கேன். இது வேற, அது வேறயா?


தேவகோட்டை சிஸ்டர்

வேண்டாம்மா. அவுக ரெண்டு பேருக்கு ஒண்ணும் ஆகலைங்கிறதை வச்சு நீ முடிவு எடுக்காதே.

எஃப்டிஏ 2015ல டியாக்ஸிகோலிக் ஆசிட் ஊசிக்கு அனுமதி கொடுத்தது தாடைக்குக் கீழ மட்டும்தான். கைக்கும் தொடைக்கும் இல்லை. பார்லர்ல குப்பியில வர்றதுல பெரும்பாலும் அதோட இன்னொரு சரக்கு கலந்திருக்கும், பாஸ்ஃபாட்டிடைல்கோலின்னு பேரு. இந்த மாதிரி அனுமதி இல்லாத ஊசிகளால தழும்பு, சீழ்ப்புண், தோல் உருக்குலைவு, வலிக்கிற கட்டி எல்லாம் வருதுன்னு 2023 டிசம்பர்ல அதே எஃப்டிஏ எச்சரிக்கை விட்டுச்சு.

விரல்கடைக்கு ஒரு குத்துன்னு ஊசி போடுற இடத்துல கிருமி சுத்தம் எப்படி இருக்கும்னு யோசி. ஒரு குப்பியை எத்தனை பேருக்கு உடைக்கிறாக, மூடி திறந்து எத்தனை நாளாச்சுன்னு உனக்குத் தெரியுமா? குப்பியைக் கையில வாங்கி, மருந்து பேர், பேட்ச் நம்பர், தயாரிச்ச தேதி படம் எடுக்கணும்னு கேளு. ஊசி போடுறவுக தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு நம்பரையும் கேளு. ரெண்டும் கிடைக்கலைன்னா எழுந்து வந்துடு. 27 வயசுக் கை, அதுல என்ன இருக்கு கரைக்க? உன் கையைப் பத்தி உங்கிட்ட யாராவது ஏதாவது சொன்னாகளா? சொல்லணும்னு தோணினா தனிச் செய்தியில எழுது, ராத்திரி ஒன்பது வரைக்கும் முழிச்சிருப்பேன்.


புதுவயல் 27

எழுதுறேன் சிஸ்டர். நன்றி.


பள்ளத்தூர் மகள்

பத்தொன்பது நாள் ஆச்சு, பதில் போட முடியலை, மன்னிச்சுக்கங்க. வீட்டுல பெயிண்ட் வேலை ஓடுது.

சிஸ்டர் சொன்ன அன்னைக்கு ராத்திரியே படுத்து, தலையைத் தூக்கிப் பார்த்தேன். மூணு விரல் இறங்குச்சு. விரல் உள்ள போனதும் எனக்குப் பயம் வந்துருச்சு, விளக்கைப் போட்டு வீட்டுக்காரகளை எழுப்பிட்டேன். அவுகளும் அமுத்திப் பார்த்தாக, ஒண்ணும் பேசலை. காலையில காரை எடுத்தாச்சு.

மதுரையில சர்ஜன் ஒரு அம்மா. அவுகளும் அதே மாதிரி தலையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாக, இருமச் சொன்னாக, நிக்க வச்சுத் தழும்பைத் தடவிப் பார்த்தாக. ஸ்கேன் எடுத்தோம். தசை விலகல் இருக்கு, தொப்புள்ல சின்ன ஹெர்னியா இருக்கு. இப்போதைக்குக் கொழுப்புதான் அதுல வந்து எட்டிப் பார்க்குதாம், குடல் இல்லை. தழும்புல ஒண்ணும் இல்லை. அவசரம் இல்லை, சாந்தி முடிஞ்சு மாசியில செய்யலாம், அப்பவே விலகலையும் சேர்த்துத் தைக்கிறதைப் பத்திப் பேசுவோம்னாக. அதுவரைக்கும் மொட்டு உள்ள போகாம கெட்டியாகி வலிச்சாலோ, வாந்தி வந்தாலோ நேரம் பார்க்காம வரணும்னு ரெண்டு தரம் சொன்னாக. மெஷின் பேக்கேஜ் பேப்பரைக் காட்டினேன். படிச்சுட்டு மடிச்சு என் கையில கொடுத்து, "வயித்துல இந்த உறிஞ்சுற கிண்ணத்தை வைக்க விடாதீங்க"ன்னாக, அவ்வளவுதான்.

அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டேன். முதல்ல முடியாதுன்னாக. ஸ்கேன் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்ல அனுப்பி, டாக்டர் கூடப் பேசணும்னு சொன்னதும் 6 ஆயிரம் திரும்பி வந்துச்சு. மீதியை விட்டுட்டேன்.

சுகருக்கு இங்கேயே ஒரு டாக்டரைப் பார்த்தாச்சு. காலையில இட்லியோட பாசிப்பருப்போ முட்டையோ, ராத்திரி ஏழரைக்குள்ள சாப்பாடு, சாப்பிட்டதும் இருபது நிமிஷம் நடை. பலகாரம் இனி விசேஷத்தன்னைக்கு மட்டும். சாந்திக்கு வீட்டுல மணகோலமும் அதிரசமும் சுட ஆரம்பிச்சா வாசனை முகப்பு வரைக்கும் வரும், அன்னைக்கு என்ன செய்யப் போறேன்னு தெரியலை. பிசியோ ஒரு பொண்ணு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கு, மூச்சை விடும்போது தொப்புளை முதுகுப் பக்கம் இழுத்துப் பிடிக்கிறது. நான் யூடியூப் பார்த்துச் செஞ்சுக்கிட்டு இருந்த சிட்அப் எல்லாம் இந்த வயித்துக்கு ஆகவே ஆகாதாம். படுக்கையில இருந்து நேரா எந்திரிக்காம ஒருக்களிச்சுக் கையூன்றி எந்திரிக்கிறேன். அதுலயே அந்தக் கூம்பு வர்றது குறைஞ்சிருக்கு.

சேலைக்கு வழி எங்க ஆச்சி சொன்னாக. பட்டு வேண்டாம், கொசுவம் விறைச்சு நிக்கும், நல்ல அரக்குல கண்டாங்கி எடு, உடம்போட படியும்னாக. எடுத்துட்டேன். கட்டிப் பார்த்துக் கண்ணாடி முன்னாடி நின்னேன். வயிறு அப்படியேதான் இருக்கு. ஆனா அது என்னன்னு இப்பத் தெரியுது. தெரியாம வெட்கப்பட்டதுக்கும் தெரிஞ்சு நிக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு சிஸ்டர். விலாப் பக்க மடிப்புக்கு, கோலாலம்பூர்த் தங்கச்சி செஞ்ச மாதிரி, ஆபரேஷன் எல்லாம் முடிஞ்சு சர்ஜன் அம்மா சரின்னு சொன்னா அடுத்த வருஷம் பார்க்கலாம்னு இருக்கேன். அப்ப கிண்ணம், ஜெல் ஷீட் எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் படுப்பேன்.

நேத்து என் தங்கச்சி வந்திருந்தா. அவளுக்கு 36, ரெண்டும் சுகப்பிரசவம். ஆளு ஒல்லி. பேச்சோட பேச்சா அவளைப் பட்டாலையில பாய் போட்டுப் படுக்க வச்சுத் தலையைத் தூக்கச் சொன்னேன். ரெண்டரை விரல். வெள்ளிக்கிழமை பிசியோவுக்கு ரெண்டு பேருமாத்தான் போறோம்.